மண்ணுக்கடியில் ஒரு மரணப் பூசை

எழுதியவர் கடவுளை அதிகம் நம்பாத ஓர் இத்தாலியர். பாடியவர்கள் நாஜிகளிடம் சிக்கிய யூதர்கள். வெர்டியின் 'ரெக்வியம்' நடந்து வந்த பாதை விசித்திரமானது.

பகலெல்லாம் வேலை வாங்கப்பட்டு, நீர்த்துப்போன சூப்பைக் குடித்து முடித்த பிறகு அவர்கள் படியிறங்குவார்கள். ஈரம் கசியும் நிலவறை. ஒரு பழைய பியானோ. பாடவேண்டிய இசைக்கு ஒரே ஒரு அச்சுப் பிரதி, அதுவும் நடத்துபவரின் கையில். சுமார் 150 பேர் குரல்வாரியாகப் பிரிந்து நின்றார்கள். தங்களுக்குப் பழக்கமில்லாத லத்தீன் மொழியில், தங்களுடையது அல்லாத ஒரு மதத்தின் இறந்தோர் பூசையை வரி வரியாகக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். இடம், பிராக் நகருக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள டெரசின். வருடம் 1943.

சொல்லிக் கொடுத்தவர் ரஃபேல் ஷெக்டர். ருமேனியாவில் 1905இல் பிறந்து, செக்கோஸ்லோவாகியாவில் இசை படித்து, பிராக்கில் பியானோ கலைஞராகவும் நடத்துநராகவும் பெயர் எடுக்கத் தொடங்கியிருந்தவர். 1941 நவம்பரில் டெரசினுக்குக் கொண்டுவரப்பட்டபோது அவருக்கு வயது 36. மூட்டை முடிச்சுகளில் அவர் எடுத்து வந்தவற்றில் வெர்டியின் 'ரெக்வியம்' பிரதியும் இருந்தது என்கிறார்கள் அவரோடு இருந்தவர்கள். குளிருக்கு இன்னொரு கம்பளியை எடுத்து வந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை.

ரெக்வியம் என்பது இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகக் கத்தோலிக்கர்கள் நடத்தும் பூசை. அதன் லத்தீன் வாசகங்கள் பல நூற்றாண்டுகள் பழமையானவை. மொசார்ட் முதல் பலரும் அந்த வாசகங்களுக்கு இசையமைத்திருக்கிறார்கள். ஆனால் ஜுசெப்பே வெர்டி அமைத்தது போல இன்னொன்று இல்லை. நான்கு தனிப் பாடகர்கள், பெரும் பாடகர் குழு, முழு வாத்தியக் குழு என்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நீளும் படைப்பு அது. மேற்கத்திய சேர்ந்திசைக்குப் பழகாத நம் காதுகளுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். நம் பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறோம். இங்கே பெண்களின் உச்சக் குரல், தாழ் குரல், ஆண்களின் உச்சக் குரல், தாழ் குரல் என்று நாலு கூட்டம் ஒரே நேரத்தில் நாலு வழியில் போகும். போனாலும் இடறாது. ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கட்டடமாக எழும். எழுத்துப் பிரதி கையில் இல்லாமல் இதை 150 பேருக்குக் கற்றுக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பாடகர் குழுவில் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும்.

வெர்டிக்கும் தேவாலயத்துக்கும் அத்தனை சிநேகம் கிடையாது. அவர் இத்தாலிய ஒபரா மேடையின் முடிசூடா மன்னர். அவருடைய பெயரின் ஐந்து எழுத்துகளை 'இத்தாலியின் அரசர் விட்டோரியோ இமானுவேல்' என்பதன் சுருக்கமாக்கி, தேச ஒருமைப்பாடு கோரியவர்கள் சுவர்களில் எழுதிய காலம் உண்டு. ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். அந்த ஒன்றுபட்ட இத்தாலி 1870இல் ரோமைக் கைப்பற்றியது. போப்பாண்டவர் தன்னை வாடிகனின் கைதி என்று அறிவித்துக்கொண்டார். தேசபக்தனா, கத்தோலிக்கனா என்று ஒவ்வொரு இத்தாலியனும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த நேரம். வெர்டியின் விடையில் குழப்பம் இல்லை. பாதிரியார்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தன் கணவர் முழு நாத்திகர் என்று சொல்ல முடியாவிட்டாலும் நம்பிக்கை மிகக் குறைந்தவர் என்ற பொருளில் அவருடைய மனைவி ஜுசெப்பினா எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் பூசைக்கு இசையமைக்க வந்ததற்கு இரண்டு மரணங்கள் காரணம். இசையமைப்பாளர் ரோஸ்ஸினி 1868 நவம்பரில் காலமானார். இத்தாலியின் இசையமைப்பாளர்கள் ஆளுக்கு ஒரு பகுதி எழுதி, ரோஸ்ஸினியின் முதல் நினைவு நாளில் பொலோன்யா நகரில் ஒரே ஒரு முறை பாடிவிட்டு, பிரதியை முத்திரையிட்டுப் பூட்டிவிட வேண்டும் என்று வெர்டி யோசனை சொன்னார். பதின்மூன்று பேர் எழுதினார்கள். வெர்டிக்குக் கிடைத்தது கடைசிப் பகுதி, 'லிபெரா மே'. நித்திய மரணத்திலிருந்து விடுதலை கேட்டு இறைஞ்சும் பகுதி அது. எல்லாம் எழுதி முடிந்த பிறகு, நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அமைப்பாளர்களுக்குள் உரசல் ஏற்பட்டு எல்லாம் கைவிடப்பட்டது. குழுக்கள் கூடிக் கலைவதில் இத்தாலியர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. அந்தக் கூட்டுப் படைப்பு முழுமையாக மேடையேறுவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெர்டியின் 'லிபெரா மே' அலமாரிக்குப் போயிற்று.

இரண்டாவது மரணம் அலெஸ்ஸான்ட்ரோ மன்சோனியுடையது. அவருடைய 'நிச்சயிக்கப்பட்டவர்கள்' நாவல் இத்தாலிய உரைநடைக்கே உருவம் கொடுத்தது எனலாம். தீவிர கத்தோலிக்கர். ஆனாலும் தேச ஒருமைப்பாட்டின் பக்கம் நின்றவர். பதினாறு வயதில் அந்த நாவலைப் படித்த வெர்டி, கடைசிவரை அவர்மீது பக்தி என்று சொல்லத்தக்க மரியாதை வைத்திருந்தார். 1873 மே 22இல் மன்சோனி இறந்தபோது வெர்டி இறுதி ஊர்வலத்துக்குப் போகவில்லை. கூட்டத்தில் நிற்க மனம் வரவில்லை. சில நாட்கள் கழித்து மிலானுக்குப் போய்த் தனியாகக் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு நகராட்சிக்கு ஒரு யோசனை தெரிவித்தார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு ரெக்வியம் எழுதித் தருகிறேன், இசைப் பிரதிகள் தயாரிக்கும் செலவு என்னுடையது, நிகழ்ச்சியின் செலவு உங்களுடையது. இந்த முறை குழு கிடையாது. எல்லாவற்றையும் தானே எழுதினார். அலமாரியில் கிடந்த 'லிபெரா மே' திருத்தப்பட்டுக் கடைசிப் பகுதியாக உட்கார்ந்துகொண்டது.

1874 மே 22. மிலானின் சான் மார்கோ தேவாலயம். 120 பேர் கொண்ட பாடகர் குழு, சுமார் 100 வாத்தியக் கலைஞர்கள். நடத்தியவர் வெர்டியே. இதில் ஒரு சிக்கல் இருந்தது. தேவாலயத்தில் பெண்கள் பாடக் கூடாது என்பது அந்தக் கால வழக்கம். வெர்டியின் இசையோ தெரேசா ஸ்டோல்ஸ், மரியா வால்ட்மன் என்ற இரண்டு ஒபரா நட்சத்திரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இருவரும் இரண்டு வருடங்களுக்கு முன்பு மிலானில் அவருடைய 'ஐடா'வில் பாடி ஊரையே மயக்கியவர்கள். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் பெண்கள் கறுப்பு உடை அணிந்து, முக்காடிட்டுத் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். தேவாலயத்தில் கைதட்டுவதும் தடை. மூன்றே நாட்களில் அதே இசை லா ஸ்காலா ஒபரா அரங்குக்கு இடம் மாறியபோது, அங்கே தடுப்பும் இல்லை, தடையும் இல்லை. ரசிகர்கள் கைதட்டித் தீர்த்தார்கள். சில பகுதிகளைத் திரும்பப் பாடவும் வைத்தார்கள். அந்த வருடமே பாரிஸ். அடுத்த வருடம் லண்டனும் வியன்னாவும்.

வசை பாடவும் ஆள் இருந்தது. மிலானில் அப்போது தங்கியிருந்த ஜெர்மன் நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ, இது பாதிரி அங்கி போட்டுக்கொண்ட ஒபரா என்று பத்திரிகையில் எழுதினார். நிகழ்ச்சியை அவர் கேட்கக்கூட இல்லை, பிரதியைப் புரட்டியதோடு சரி. விஷயம் கேள்விப்பட்ட பிராம்ஸ், பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, பியூலோ தன்னையே முட்டாளாக்கிக்கொண்டார், இது மேதை ஒருவர்தான் எழுதக் கூடியது என்று தீர்ப்புச் சொன்னார். 1892இல் பியூலோ வெர்டிக்கே மன்னிப்புக் கடிதம் எழுதினார். வெர்டி பெருந்தன்மையாகப் பதில் போட்டார்.

ஆனால் பியூலோ சொன்னது முழுத் தவறும் அல்ல. அது ஒபராக்காரரின் பூசைதான். அதுவே அதன் பலமும். ஆரம்பம் கிசுகிசுப்பு. செல்லோக்கள் காதில் விழாத அளவு மெதுவாக இறங்கிவர, பாடகர்கள் முணுமுணுப்பாகத் தொடங்குகிறார்கள். கேசட்டிலோ சிடியிலோ கேட்பவர்கள் சத்தம் போதவில்லை என்று குமிழைத் திருகுவது இந்த இடத்தில்தான். திருகாமல் இருப்பது நல்லது. எட்டு ஒன்பது நிமிடம் கழித்து 'தியேஸ் இரே' வெடிக்கும். கோபத்தின் நாள், அதாவது உலகம் எரிந்து சாம்பலாகும் இறுதித் தீர்ப்பு நாள். முழு வாத்தியக் குழுவும் நான்கு அடி இடிக்க, இடைவெளிகளில் பெரிய டிரம் தனியாகப் பதில் இடிக்கிறது. அந்த டிரம்மின் தோலை இறுக்கிக் கட்டிச் சத்தம் வறண்டு விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வெர்டி பிரதியிலேயே குறிப்பு எழுதியிருக்கிறார். அடுத்து இறந்தவர்களை எழுப்பும் எக்காளம். மேடையில் நான்கு டிரம்பட், மேடைக்கு வெளியே தூரத்தில் நான்கு டிரம்பட். ஒன்று கூப்பிட, இன்னொன்று எங்கிருந்தோ பதில் சொல்ல, சத்தம் நாலாபக்கமும் சூழ்ந்துகொள்ளும். அந்த ஆரவாரம் உச்சத்தில் சட்டென்று நிற்கும். பாஸ் பாடகர் மரணமே திகைத்து நிற்பதைப் பற்றித் துண்டு துண்டாகச் சொல்வார். அந்த மௌனங்கள்தான் டிரம்மைவிடப் பயங்கரம்.

சோகத்துக்கும் பஞ்சமில்லை. 'லாக்ரிமோசா' பகுதியின் மெட்டு, 1867இல் 'டான் கார்லோஸ்' ஒபராவிலிருந்து நீளம் கருதி வெட்டப்பட்ட ஒரு பாடலிலிருந்து வந்தது. நண்பனை இழந்த அரசனின் புலம்பல் அது. நல்ல மெட்டு வீணாகக் கூடாது என்ற சிக்கனம் வெர்டிக்கும் இருந்தது. 'ஆக்னுஸ் தேயி'யில் இரண்டு பெண் குரல்கள் ஒரு ஸ்தாயி இடைவெளியில், வாத்தியத் துணை இல்லாமல், ஒரே மெட்டைப் பாடுகின்றன. நம் இசைக்கு மிக அருகில் வரும் இடம் இதுதான். முடிவில் ஆறுதல் இருக்கிறதா என்பதைப் பற்றி இன்றும் வாதாடுகிறார்கள். சோப்ரானோ பாடகி ஒரே ஸ்வரத்தில், ஜெபம் முணுமுணுப்பது போல, விடுதலை கேட்டபடியே அடங்கிப் போகிறார். பதில் வந்ததா என்று வெர்டி சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவரின் பூசை சொர்க்கத்தில் போய் முடிந்திருக்கும். வெர்டியின் பூசை, பயந்துபோன ஒரு மனுஷியிடம் முடிகிறது.

திருச்சபையும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1903இல் போப் பத்தாம் பயஸ் தேவாலய இசை பற்றி வெளியிட்ட ஆணை, நாடகத்தனமான இசைக்கும் பாடகர் குழுவில் பெண்கள் இடம்பெறுவதற்கும் கதவடைத்தது. வெர்டியின் படைப்பைப் பெயர் சொல்லாவிட்டாலும் அம்பு அந்தப் பக்கம்தான் போயிற்று. பிறகு இரண்டாம் வாடிகன் சங்கத்தின் சீர்திருத்தங்கள் வந்தபோது, பயமுறுத்தும் 'தியேஸ் இரே' பாடலே இறந்தோர் பூசையிலிருந்து நீக்கப்பட்டது. கோவிலுக்காகப் பிறந்த இசை கச்சேரி மேடையில்தான் வாழ்கிறது. டோஸ்கனீனியிலிருந்து நம் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா வரை பெரிய நடத்துநர்கள் பலர் அதை நடத்தியிருக்கிறார்கள். மேத்தா 1980இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு செய்த ஒலிப்பதிவு உண்டு. இத்தாலிய கத்தோலிக்கரின் இசையை ஒரு பார்சி நடத்துவதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. யூதக் கைதிகள் பாடியது வேறு விஷயம்.

டெரசின் ஒரு பழைய கோட்டை ஊர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் கட்டி, தன் தாய் மரியா தெரேசாவின் பெயரை வைத்தார். 1941 நவம்பர் முதல் நாஜிகள் அதை யூதர்களுக்கான முகாமாக்கினார்கள். சுமார் 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பட்டினியாலும் நோயாலும் அங்கேயே இறந்தவர்கள் சுமார் 33,000 பேர். சுமார் 88,000 பேர் கிழக்கே ஆஷ்விட்ஸ் உள்ளிட்ட முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அங்கே விஷவாயுக் கூடம் இல்லை. அதுவே டெரசினின் தனித்தன்மை. மரணத்துக்கு முந்திய ஸ்டேஷன் அது.

பிராக், வியன்னா, பெர்லின் நகரங்களின் யூதக் கலைஞர்களும் பேராசிரியர்களும் அந்தச் சுவர்களுக்குள் குவிக்கப்பட்டிருந்தார்கள். முதலில் ஒளித்து வைத்த வாத்தியங்களில் திருட்டுத்தனமாக வாசித்தார்கள். பிறகு எஸ்.எஸ். அதிகாரிகளே அனுமதித்தார்கள். கைதிகள் அமைதியாக இருப்பார்கள், வெளியுலகுக்குக் காட்டவும் உதவும் என்பது கணக்கு. ஷெக்டர் 1942 நவம்பரில் ஸ்மெடனாவின் 'விற்கப்பட்ட மணமகள்' ஒபராவைக் கச்சேரி வடிவில் நடத்தினார். பின்னர் அவர் எடுத்தவற்றில் ஒன்று ரெக்வியம்.

முகாமுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. யூதர்களைக் கொல்கிறவர்கள் வளர்ந்த மதத்தின் பூசையை யூதர்களே ஏன் பாட வேண்டும்? நம்மிடம் பாட்டு இல்லையா? ஹாண்டெல் எழுதிய 'யூதாஸ் மக்கபேயுஸ்' போல பழைய ஏற்பாட்டுக் கதை சொல்லும் படைப்புகள் இல்லையா? முகாமின் யூத நிர்வாகத்தில் இருந்த பெரியவர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஜெர்மானியர்கள் அர்த்தம் புரிந்துகொண்டால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விகள் அற்பமானவை அல்ல. சாகப்போகிறவன் யாருடைய வார்த்தையில் பிரார்த்திக்கிறான் என்பது கடைசியில் அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொத்து. ஷெக்டர் மசியவில்லை. வெர்டி மாபெரும் கலைஞர், அவருடைய இசை எல்லோருக்கும் சொந்தம் என்பது ஒரு வாதம். இன்னொன்று அந்த லத்தீன் வாசகத்திலேயே இருந்தது. இறுதித் தீர்ப்பு நாளில் எல்லாம் எழுதப்பட்ட புத்தகம் திறக்கப்படும், மறைந்தது வெளிப்படும், எந்தக் குற்றமும் தண்டனையிலிருந்து தப்பாது என்று அது சொல்கிறது. தேவாலயத்தில் பாடினால் அது பாவியின் பயம். டெரசினில் பாடினால் நீதிபதியின் கூண்டில் நிற்பவர் வேறு யாரோ. ஜெர்மானியர்களிடம் நேரில் சொல்ல முடியாததைப் பாட்டாகச் சொல்வோம் என்று ஷெக்டர் கூறியதாக உயிர் பிழைத்த பாடகர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

முதல் நிகழ்ச்சி 1943 செப்டம்பரில் நடந்தது. நூறு வாத்தியங்கள் செய்ய வேண்டிய வேலையைப் பியானோ செய்தது. அந்தப் பெரிய டிரம்மும் எட்டு டிரம்பட்டும் பியானோ கட்டைகளில் அடங்கின. வாசித்தவர்களில் ஒருவர் கிடியோன் க்ளைன், இருபத்து மூன்று வயது இசையமைப்பாளர். தனிப் பாடகர்களில் பாஸ், கரெல் பெர்மன்.

அதே இலையுதிர் காலத்தில் ரயில்களும் வந்தன. செப்டம்பரில் ஒரே தவணையில் 5,000 பேர், டிசம்பரில் இன்னொரு 5,000 பேர். எல்லாம் ஆஷ்விட்ஸுக்கு. பாடகர் குழு கரைந்தது. ஷெக்டர் புது ஆட்களைப் பிடித்து, முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். அதுவும் கரைந்தது. மூன்றாவது முறை கட்டியபோது எஞ்சியவர்கள் சுமார் 60 பேர். இப்படியாக மொத்தம் 16 முறை ரெக்வியம் பாடப்பட்டது. ஒத்திகைக்கு வந்தவன் அடுத்த ஒத்திகைக்கு இருப்பானா என்று தெரியாத நிலையில் இதைச் செய்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். முகாமுக்குள்ளேயே இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் விக்டர் உல்மன் இதைப் பற்றியும் எழுதினார். கைதிகள் என்பதற்காகச் சலுகை காட்டும் விமர்சகர் அல்ல அவர். கலை மீது அங்கிருந்தவர்களுக்கு இருந்த ஆசை வாழும் ஆசைக்கு நிகரானது என்ற கருத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு விருந்தாளிகள் வந்தார்கள். டென்மார்க்கிலிருந்து டெரசினுக்கு அனுப்பப்பட்ட சுமார் 470 யூதர்களின் நிலை என்ன என்று டேனிஷ் அரசு விடாமல் கேட்டதன் விளைவு அது. செஞ்சிலுவைப் பிரதிநிதி ஒருவரும் இரண்டு டேனிஷ் அதிகாரிகளும் முகாமைப் பார்வையிடலாம் என்று நாஜிகள் சம்மதித்தார்கள். அதற்கு முன் ஊருக்கு ஒப்பனை. வீடுகளுக்குச் சுண்ணாம்பு, பூங்காவில் ரோஜா, குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல், கடைகளில் பொருட்கள். கூட்டம் அதிகமாகத் தெரியக் கூடாது என்பதற்காக 1944 மே மாதம் 7,500 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அதுவும் ஒப்பனையில் சேர்த்தி. ஜூன் 23ஆம் தேதி வந்தவர்கள், குறித்துவைத்த பாதையில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். குழந்தைகள் 'ப்ருண்டிபார்' ஒபராவை நடித்துக் காட்டினார்கள். ஷெக்டரின் குழுவும் ரெக்வியம் பாட வைக்கப்பட்டது. இசை முடிந்தபோது கைதிகள் நினைத்தது என்ன? நாம் பாடுவதன் அர்த்தத்தை வெளியிலிருந்து வந்தவர்களாவது பிடித்துக்கொள்வார்கள் என்பதுதான்.

பிடித்துக்கொள்ளவில்லை. செஞ்சிலுவைப் பிரதிநிதி மொரீஸ் ரோஸல் என்ற இளம் சுவிஸ்காரர். ஏறக்குறைய சாதாரண வாழ்க்கை நடக்கும் ஊரைப் பார்த்ததாகவும், இது கடைசி முகாம், இங்கிருந்து யாரும் வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை என்றும் அறிக்கை கொடுத்தார். பல வருடங்கள் கழித்துத் திரைப்பட இயக்குநர் குளோட் லான்ஸ்மன் அவரைப் பேட்டி கண்டார். அது 1997இல் படமாக வெளிவந்தது. அப்போதும் அவர் தன் அறிக்கையைத் திரும்பப் பெறத் தயாராக இல்லை. கைதிகள் ஏன் ஜாடையாகக்கூட எதுவும் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. ஒன்றரை மணி நேரப் பாட்டு ஜாடையாகத் தெரியவில்லை போலும்.

1944 செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 28 வரை பதினோரு ரயில்கள் 18,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போயின. அக்டோபர் 16 ரயிலில் ஷெக்டர், உல்மன், க்ளைன், 'ப்ருண்டிபார்' எழுதிய ஹான்ஸ் க்ராசா என்று டெரசினின் இசை மொத்தமாக ஏற்றப்பட்டது. உல்மனும் க்ராசாவும் போய்ச் சேர்ந்த உடனே விஷவாயுவுக்குப் பலியானார்கள். க்ளைன் 1945 ஜனவரியில் ஒரு சுரங்க முகாமில் இறந்தார். ஷெக்டர் ஆஷ்விட்ஸைத் தாண்டிச் சில முகாம்களைப் பார்த்துவிட்டு, போர் முடியும் தறுவாயில் கைதிகளை நடத்தியே கொன்ற மரண நடையில் உயிர்விட்டார். தப்பியவர்களும் உண்டு. கரெல் பெர்மன் திரும்பிவந்து பிராக் தேசிய அரங்கின் ஒபராவில் பல பத்தாண்டுகள் பாடினார். அதே ரயிலில் போன நடத்துநர் கரெல் அஞ்செர்ல் பிற்பாடு செக் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமைக்கு வந்தார். ஆஷ்விட்ஸில் அவர் மனைவியும் குழந்தையும் மிஞ்சவில்லை.

இந்தக் கதை வெளியுலகில் பரவலாகத் தெரியவந்தது தாமதமாகத்தான். டெரசினின் இசை பற்றி ஜோஸா கராஸ் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1985இல் வெளிவந்தது. தொண்ணூறுகளில் ஒரு நாள், அமெரிக்க நடத்துநர் மர்ரி சிட்லின் நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் இது பற்றிப் படிக்க நேர்ந்தது. எழுத்துப் பிரதி இல்லாமல், பட்டினியோடு, இந்தச் சிக்கலான இசையைக் கற்றார்களா என்று அவருக்கு நம்ப முடியவில்லை. உயிர் பிழைத்த பாடகர்களைத் தேடிப் போனார். ஷெக்டரோடு ஒரே அறையில் படுத்தவர் ஒருவர் அமெரிக்காவிலேயே கிடைத்தார். அதன் பலனாக ரெக்வியத்தோடு உயிர் பிழைத்தவர்களின் வார்த்தைகளையும் நாஜிகள் எடுத்த பிரசாரப் படத்தின் காட்சிகளையும் சேர்த்து ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்தார். 2002இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் அது மேடையேறியது. 2006இல் டெரசினுக்கே போயிற்று.

இதற்கும் எதிர்ப்பு உண்டு. யூத இசை வரலாற்றாளர்களில் ஒரு சாரார், அந்தக் கலைஞர்களை எதிர்ப்புச் சின்னங்களாக மட்டும் சுருக்குகிறோம், அவர்களுடைய இசையைக் கேட்காமல் மரணத்தையே கேட்கிறோம் என்கிறார்கள். நியாயமான புகார். உல்மனும் க்ளைனும் எழுதிய சொந்த இசையை அதற்காகவே கேட்பவர்கள் இன்றும் குறைவு. பாடியவர்கள் எல்லோரும் ஹிட்லருக்குச் சாபமிடத்தான் பாடினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் பசியை மறந்தோம், மனிதர்களாக இருந்தோம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். பாடுவது பிடித்ததால் பாடினார்கள் என்பதை ஏற்றுக்கொள்வதில் அவர்களுக்குக் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. எஸ்.எஸ். ஒப்பனைக்கு அந்த இசையும் பயன்பட்டது என்ற கசப்பான உண்மையும் இருக்கிறது. பாடாமல் இருந்திருந்தால் ரயில்கள் நின்றிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சிட்லினின் நிகழ்ச்சியில் முழு வாத்தியக் குழு இருக்கும். ஆனால் அங்கங்கே அது சட்டென்று நின்றுவிடும். ஒற்றைப் பியானோ மட்டும் தொடரும். 'லிபெரா மே' அடங்கியதும் ரயிலின் ஊதல் சத்தம் கேட்கும். பாடகர்கள் ஒரு யூதப் பிரார்த்தனையின் மெட்டை வாய்மூடி முனகியபடி அரங்கத்தின் நடுவே நடந்து வெளியேறுவார்கள். சான் மார்கோவில் போலவே இங்கேயும் கைதட்டல் கிடையாது. முடிந்ததும் அமைதியாக எழுந்து போய்விடும்படி கேட்டுக்கொள்கிறார்கள்.